வாழ்க்கை மாறும் காலத்தில் கிறிஸ்தவ விசுவாசத்தில் ஆறுதல் தேடுவது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலை பறிபோனவர்கள், துணையை இழந்தவர்கள், திருமண முறிவைக் கடப்பவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், நோயின் பெயரை மருத்துவரிடமிருந்து அண்மையில் கேட்டறிந்தவர்கள் எனப் பலர், அதுவரை பெயரளவில் மட்டும் வைத்திருந்த விசுவாசத்தை நோக்கியோ, முன்பு அறிந்தேயிராத விசுவாசத்தை நோக்கியோ இத்தகைய நாட்களில் திரும்புகிறார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு வசனமும், "கவலைப்படாதீர்கள், எல்லாம் நன்மைக்கே" என்ற ஒரு வாக்கியமுமே. அவை போதாமற்போகும்போது, குறை தங்கள் விசுவாசத்தில்தான் இருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் குறை பெரும்பாலும் தொடங்கிய இடத்தில்தான் இருக்கிறது. வேதாகமம் துயரத்திலிருப்பவரை வாக்குத்தத்தத்திற்கு, அதாவது தேவன் தரும் வாக்குறுதிக்கு, நேரே அழைத்துச் செல்வதைவிட, முதலில் அவரை அழவும், உண்ணவும், உறங்கவும், பிறரோடு உட்காரவும் விடுகிறது. இந்த வழிகாட்டியும் ஏறக்குறைய அதே வரிசையில் செல்கிறது.

ஒன்றை முன்னதாகவே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. கிறிஸ்தவ மரபில் ஆறுதல் என்பது வேதனை நீங்கிவிடுவதைக் குறிப்பதில்லை. "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்" என்னும் 23ஆம் சங்கீதம் (சங்கீதங்கள் வேதாகமத்திலுள்ள ஜெபப் பாடல்கள்) பள்ளத்தாக்கைச் சுற்றிச் செல்லும் வேறு பாதை எதையும் காட்டுவதில்லை. "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்பதையே பயமின்மைக்குக் காரணமாகச் சொல்கிறது. மனம் உடனே லேசாக வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு ஜெபிக்கத் தொடங்குபவர் சில நாட்களிலேயே ஏமாற்றமடைவார். இந்த வழியில் நான் தனியாக இல்லை என்ற அறிவு மெல்ல வேரூன்றினால் போதும் என்று தொடங்குபவர் நிலைத்து நிற்பார்.

முதல் படி: எது மாறியது, எது போயிற்று என்பதை எழுதுங்கள்

ஒரு குறிப்பேட்டை எடுத்து, நடந்த மாற்றத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதன் கீழே, அந்த மாற்றத்தோடு சேர்ந்து போனவற்றைத் தனித்தனியே எழுதுங்கள். வேலை போனவருக்குச் சம்பளம் மட்டும் போவதில்லை. காலையில் எழுவதற்கான காரணமும், பிறர் தன்னை அழைத்த பெயரும், நண்பகலில் உடன் அமர்ந்து உண்டவர்களும் சேர்ந்தே போகிறார்கள். திருமணம், குழந்தைப் பிறப்பு, பதவி உயர்வு, விரும்பிச் சென்ற புது ஊர் ஆகிய மகிழ்ச்சியான மாற்றங்களிலும் இந்தப் பட்டியல் காலியாக இராது. நல்லது நடந்த வேளையில் துக்கப்படுவது நன்றிகெட்டதனம் என்று எண்ணிப் பலர் அந்தத் துக்கத்தை மறைத்துக்கொள்வதால், அது வேறு உருவத்தில் எரிச்சலாக வெளிப்படுகிறது.

வேதாகமம் இவ்விஷயத்தில் மிகவும் நிதானமானது. தங்களை வழிநடத்திவந்த மோசே மரித்தபோது இஸ்ரவேலர் மோவாபின் சமனான வெளிகளில் 30 நாள் துக்கங்கொண்டாடினார்கள் என்று உபாகமத்தின் கடைசி அதிகாரம் கூறுகிறது. மோசேக்குப் பின் தலைவரான யோசுவாவிடம் "பலங்கொண்டு திடமனதாயிரு" என்று அந்த மரணத்திற்குப் பிறகு சொல்லப்படுவது அடுத்த புத்தகத்தில்தான். வாக்குப்பண்ணப்பட்ட தேசம் யோர்தானுக்கு அப்பால் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தும், துக்கத்தின் நாட்கள் நிறைவேறும்வரை எவரும் அவர்களை ஆற்றைக் கடக்கும்படி அவசரப்படுத்தவில்லை. உங்களைத் தைரியமாக இருக்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் யோசுவாவின் முதல் அதிகாரத்தை மட்டும் படித்தவர்கள்.

இரண்டாம் படி: புலம்பலிலிருந்து ஜெபிக்கத் தொடங்குங்கள்

ஜெபிப்பது எப்படி என்று தெரியாத ஒருவருக்கு நான் முதலில் கொடுக்க விரும்புவது 13ஆம் சங்கீதத்தையே. கத்தோலிக்கத் திருச்சபையினர் இதைத் திருப்பாடல் 13 என்பார்கள். இன்று பரவலாக வழங்கும் தமிழ் மொழிபெயர்ப்புகளில் எண் அதுவே. ஆறு வசனங்கள் மட்டுமே உள்ள இந்தச் சிறு ஜெபம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்ற கேள்வியோடு தொடங்குகிறது. முகஸ்துதியோ முன்னுரையோ இல்லை. முதல் இரண்டு வசனங்கள் முறையீடு, அடுத்த இரண்டும் வேண்டுதல், கடைசி இரண்டும் நம்பிக்கை. சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவ்வகைப் புலம்பல்களே என்பது, ஆலயத்தில் துதிப் பாடல்களை மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

இந்த அமைப்பையே உங்கள் ஜெபத்திற்கும் பயன்படுத்தலாம். முதலில் தேவனைப் பெயர் சொல்லி அழையுங்கள். "கர்த்தாவே", "ஆண்டவரே", "தகப்பனே" ஆகியவற்றில் வாய்க்கு இயல்பாக வருவது போதும். அடுத்து, முதல் படியில் எழுதிய பட்டியலை எடுத்து, அதில் உள்ளதை மெருகேற்றாமல் சொல்லுங்கள். கோபம் இருந்தால் கோபத்தையும், அவர் கேட்கிறாரா என்ற ஐயம் இருந்தால் அந்த ஐயத்தையும் அவரிடமே சொல்லுங்கள். மூன்றாவதாக, இந்த வாரத்திற்கு வேண்டியது ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள். "என் வாழ்க்கையைச் சரிசெய்யும்" என்று கேட்பதைவிட, "செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதத்தைத் திறந்து படிக்க எனக்குத் தைரியம் தாரும்" என்று கேட்பது ஜெபத்தைத் தரையில் நிறுத்துகிறது. நான்காவதாக, நம்பிக்கையின் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடியுங்கள்.

இந்த நான்காவது பகுதி வாயில் வராத நாட்கள் உண்டு. அந்நாட்களில் அதை வலிந்து சொல்ல வேண்டியதில்லை. 88ஆம் சங்கீதம் நம்பிக்கையின் பக்கம் திரும்பாமலேயே, நண்பர்களும் விலகிப்போனார்கள் என்ற முறையீட்டோடு முடிந்துவிடுகிறது. அதையும் ஜெபமாகவே ஏற்றுத்தான் வேதாகமத்தில் சேர்த்திருக்கிறார்கள். மாற்கு சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில் நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டு எதிரெதிரான காரியங்களைச் சொல்கிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, அவன் மகனைச் சுகப்படுத்துகிறார்.

புலம்புவது முறுமுறுப்பு ஆகாதா, அது பாவமல்லவா என்ற கேள்வி இவ்விடத்தில் எழும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவனைப்பற்றித் தங்களுக்குள் முறுமுறுத்தார்கள். சங்கீதக்காரன் தேவனிடமே வந்து முறையிட்டான். இந்த வேறுபாடு சிறியதல்ல. பிள்ளைகளையும் உடைமைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபின் கதையைச் சொல்லும் புத்தகம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. தன் பிறந்த நாளையே சபித்து, தேவனோடு வழக்காடிய யோபைவிட, தேவனைக் காப்பாற்றுவதாக எண்ணி அழகழகாய் விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல்தான் 42ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்ளுதல் விழுகிறது.

சூழ்நிலைக்கேற்ற சங்கீதம் வேண்டும் என்பவர்கள், இடம்பெயர்கிறபோது 121ஐயும், பெற்றோராலோ குடும்பத்தாராலோ கைவிடப்பட்ட நிலையில் 27ஐயும், பணி ஓய்விலும் முதுமையிலும் 71ஐயும், குற்ற உணர்வு அழுத்துகையில் 51ஐயும், உறக்கமற்ற இரவுகளில் 77ஐயும், எதுவுமே படிக்க முடியாத களைப்பில் மூன்றே வசனங்களுள்ள 131ஐயும் எடுத்துக்கொள்ளலாம். "முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்" என்னும் 71ஆம் சங்கீதத்தின் வேண்டுதலை, ஓய்வு பெற்ற முதல் மாதத்தில் பலரும் தங்கள் சொந்தச் சொற்களாகவே உணர்வார்கள்.

மூன்றாம் படி: உடலைக் கவனியுங்கள்

ஆவிக்குரிய வழிகாட்டிகளில் இது கடைசியில் ஒரு வரியாக வருவது வழக்கம். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் அதை முதலில் வைக்கிறது. எலியா தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தான் சாகவேண்டும் என்று கேட்கிறார். அவருக்குக் கிடைத்த முதல் பதில் தழலில் சுட்ட அடையும், ஒரு பாத்திரம் தண்ணீரும். அவர் உண்டு, குடித்து, மறுபடியும் படுத்துறங்குகிறார். தூதன் இரண்டாந்தரமும் வந்து, பயணம் வெகுதூரம் என்று சொல்லி மீண்டும் உண்ணச் செய்கிறான். அதற்குப் பிறகு நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பின்னரே, தேவன் பேசும் "அமர்ந்த மெல்லிய சத்தம்" கேட்கிறது. ஆகவே மாற்றத்தின் முதல் வாரங்களில் ஒரு வேளையும் தவறாமல் உண்பதையும், குறித்த நேரத்தில் படுப்பதையும், பகலில் சிறிது நடப்பதையும் ஜெபத்திற்கு எதிரானவையாக எண்ணாமல், அதன் பகுதியாகவே கொள்ளுங்கள். நீண்ட உபவாசத்தை இந்தக் காலத்தில் தொடங்காதிருப்பது நல்லது. நீரிழிவு முதலிய நோயுள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கவே கூடாது.

நான்காம் படி: சிறிய ஒழுங்கு ஒன்றை ஏற்படுத்துங்கள்

வாழ்க்கை தலைகீழாகப் புரளும் நாட்களில் மனத்திற்குப் பெரிய தீர்மானங்கள் பயன்படுவதில்லை. ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம் ஜெபிப்பேன் என்று தொடங்கி நான்காம் நாளில் விட்டுவிடுவதைவிட, காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம் என்று தொடங்குவதே மேலானது. காலையில் ஒரு சங்கீதம், அதன் பின் மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு கற்பித்த பரமண்டல ஜெபம்; இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்தல்; தொடக்கத்திற்கு இவ்வளவே வேண்டும்.

இரவு ஜெபத்திற்கு, இயேசு சபையை நிறுவிய லொயோலாவின் இஞ்ஞாசியார் வகுத்துத் தந்த ஆன்ம சோதனை என்னும் முறை எளிதில் பின்பற்றத்தக்கது. கத்தோலிக்க மரபில் தோன்றியதாயினும் இன்று பல சபையினரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த நாளில் நன்றி சொல்லத்தக்கது எது என்று முதலில் பாருங்கள்; தெளிவாகக் காண ஒளி தரும்படி கேளுங்கள்; காலை முதல் இரவு வரை நடந்தவற்றை மனத்தில் ஓடவிட்டு, எங்கே இருதயம் விரிந்தது, எங்கே சுருங்கியது என்று கவனியுங்கள்; தவறியதற்கு மன்னிப்புக் கேளுங்கள்; நாளைய தினத்திற்கு உதவி கேளுங்கள். ஒவ்வொரு இரவும் ஒரு வரியைக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வைத்தால் அது பிற்பாடு பயன்படும். அதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

சொற்களே வராத வேளைகளுக்குக் கிழக்குத் திருச்சபைகள் நூற்றாண்டுகளாகக் காத்துவரும் ஒரு ஜெபம் உண்டு: "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்." முதல் பாதியை மூச்சை உள்ளிழுக்கையிலும் அடுத்த பாதியை வெளிவிடுகையிலும் மெதுவாகச் சொல்லலாம். சொன்னதையே திரும்பச் சொல்வது வீண் என்று நினைப்பவர்கள், கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபம்பண்ணினார் என்று மத்தேயு 26:44 கூறுவதைப் பார்க்கலாம்.

வாசிப்பைப் பொறுத்தவரை, ஆதியாகமத்திலிருந்து தொடங்கிச் சட்டப் பகுதிகளில் சிக்கிக்கொள்ளும் பழைய வழக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்களே உள்ளன. நாளுக்கு ஒன்றாக வாசித்தால் பதினாறு நாளில் இயேசு யார், அவர் வேதனையுற்றவர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பது தெரிந்துவிடும். அதன் பின் ரூத்தின் நான்கு அதிகாரங்கள், சிறையிலிருந்து பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தின் நான்கு அதிகாரங்கள், பிறகு யோவான் சுவிசேஷம் என்று செல்லலாம். மொழிநடையில் புதியவர்களுக்கு, 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு எளிதாக இருக்கும். புராட்டஸ்தாந்து சபைகளில் வாசிக்கப்படுவதும் பாடல்களில் ஒலிப்பதும் பழைய மொழிபெயர்ப்பே என்பதால், ஆராதனைக்குச் செல்கிறவர்கள் அதையும் பழகிக்கொள்வது உதவும். இக்கட்டுரையில் காட்டப்படும் வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

ரூத்தின் புத்தகத்தைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் நகோமி. கணவனையும் இரு மகன்களையும் வேற்று நாட்டில் பறிகொடுத்துத் திரும்பியவள், தன்னை வரவேற்ற பெண்களிடம், "நீங்கள் என்னை நகோமி என்று சொல்லாமல், மாராள் என்று சொல்லுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்" என்கிறாள். மாராள் என்றால் கசப்பு. அந்தப் பெண்கள் அவளைத் திருத்தியதாகப் புத்தகம் சொல்வதில்லை. அந்தப் புத்தகம் முழுவதிலும் வானத்திலிருந்து அற்புதம் எதுவும் இறங்குவதுமில்லை. கதிர் பொறுக்கப் போகும் மருமகளும், வயலின் சொந்தக்காரரும், அறுவடைக் காலமும்தான் நகோமியை மெல்ல மீட்டெடுக்கின்றன. ஆறுதல் பெரும்பாலும் இப்படியே வருகிறது என்பது என் எண்ணம்.

வாக்குத்தத்த வசனங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை

சுவரொட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் மிகுதியாகக் காணப்படும் எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று சொல்வது உண்மை. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது. சீக்கிரமே திரும்பிவிடுவோம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்ப வேண்டாம், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்பதுதான் அக்கடிதத்தின் நடைமுறை அறிவுரை. முழுக் கடிதத்தையும் வாசிக்கிறவருக்கு அது தரும் ஆறுதல், ஒற்றை வசனம் தருவதைவிடத் திடமானது; பழைய நிலை திரும்பாவிட்டாலும் புதிய இடத்தில் வாழ்வதற்கு அது அனுமதி தருகிறது. எந்த வாக்குத்தத்தத்தையும் பற்றிக்கொள்ளும் முன், அதற்கு முன்னும் பின்னும் ஓர் அதிகாரத்தை வாசிக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மனிதரைத் தேடுங்கள்

தனியாக ஜெபித்துக்கொள்கிறேன், சபை எதற்கு என்று கேட்பவர்கள் பலர். கூட்டத்தின் நடுவில் அழுதுவிடுவோமோ என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். ஆயினும் கிறிஸ்தவ ஆறுதல் பெரும்பகுதி மற்றவர்கள் வழியாகவே வந்து சேர்கிறது. லூக்கா 24ஆம் அதிகாரத்தில் எம்மாவு ஊருக்கு நடந்து சென்ற இருவர், எல்லாம் முடிந்துவிட்டது என்ற துக்கத்தில் பேசிக்கொண்டு செல்கையில், உயிர்த்தெழுந்த இயேசு அடையாளம் தெரியாதவராய் உடன் சேர்ந்துகொள்கிறார். நடந்தது என்ன என்று கேட்டு, அவர்களையே முழுவதும் சொல்லவிடுகிறார். வேத வாக்கியங்களை விளக்குவது அதற்குப் பிறகுதான். அவர்கள் அவரை அறிந்துகொள்வதோ பந்தியில் அப்பம் பிட்கையில். நீங்கள் தேட வேண்டிய மனிதரும் இந்த வரிசையில் நடப்பவரே, அதாவது முதலில் கேட்டு, பின்பு பேசுபவர்.

சபைக்குப் புதிதாகச் செல்பவர் சில நடைமுறைகளைத் தெரிந்துகொண்டால் தயக்கம் குறையும். ஆராதனை நேரத்தை முன்னதாகக் கேட்டறிந்து, பின்வரிசையில் வழியோரம் அமருங்கள். மனம் தாளாமல் வெளியே போக நேர்ந்தாலும் எவருக்கும் இடையூறு இராது. எழுவதும் அமர்வதும் முழங்காலிடுவதும் சுற்றியிருப்பவர்களைப் பார்த்தே செய்யலாம், செய்யாவிட்டாலும் தவறில்லை. காணிக்கைப் பை வரும்போது வருகையாளர் போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நற்கருணை அல்லது திருவிருந்து வழங்கும் முறை சபைக்குச் சபை மாறும்: கத்தோலிக்கத் திருச்சபையில் பொதுவாகக் கத்தோலிக்கர் மட்டுமே அதைப் பெறுவர், சில சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற எவரும் பெறலாம். ஐயமிருந்தால் இருக்கையிலேயே அமர்ந்து ஜெபிப்பது எல்லா இடத்திலும் ஏற்கப்படும்.

ஆராதனையைவிடச் சிறு குழுக்களில்தான் மனம் திறந்து பேச முடியும். வேதபாடக் குழு, வீட்டு ஜெபக்கூட்டம், அன்பியம் (கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்தார் கூடும் சிறு குழு), துக்கத்திலிருப்போருக்கான ஆதரவுக் குழு ஆகியவற்றில் எது நடக்கிறது என்று போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேளுங்கள். அவரிடமே தனியாகப் பேச விரும்பினால், ஆராதனை முடிந்த சந்தடியில் பேசாமல், வாரநாளில் அரைமணி நேரம் ஒதுக்கித் தரும்படி கேட்பது நல்லது. "எனக்கு அறிவுரை இப்போது வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். நல்ல மேய்ப்பர்கள் அதை வரவேற்பார்கள். கத்தோலிக்கர்களுக்கு, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம் உண்டு. அங்கே சொன்னதை வெளியிட எந்தக் குருவுக்கும் அனுமதி இல்லை. மற்றச் சபைகளில் நீங்கள் சொல்வது ஜெபக்குறிப்பாக எல்லாருக்கும் போய்ச் சேருமா என்பதை முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தோடு பரப்பப்படும் ஜெபக்குறிப்பு சில வேளைகளில் ஊர்ப்பேச்சாகிவிடுகிறது. இதை எவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

யோபின் நண்பர்கள் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடுகூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். உங்களைச் சுற்றியுள்ளவர்களில் பேசத் தொடங்கியதும் உங்கள் துன்பத்திற்கு உங்கள் பாவத்தையே காரணமாகக் காட்டுபவர்களிடமிருந்து சிறிது காலம் விலகியிருப்பது அன்பின்மை ஆகாது. பணம் அனுப்பினால் கட்டு உடையும், விதை காணிக்கை செலுத்தினால் வேலை கிடைக்கும் என்று சொல்பவர்களிடம் விலகியே இருங்கள். நெருக்கடியில் இருப்பவரிடம் விலை பேசுவது ஊழியம் அல்ல.

ஆறாம் படி: பெரிய முடிவுகளைத் தள்ளிவையுங்கள்

1521இல் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டினால் கால் நொறுங்கிய இஞ்ஞாசியார், படுக்கையில் கிடந்த மாதங்களில் தம் மனத்தின் ஏற்ற இறக்கங்களைக் கூர்ந்து கவனித்தவர். பின்னர் அவர் எழுதிய ஆன்மீகப் பயிற்சிகளில் ஒரு விதி உண்டு: மனம் வறண்டு இருண்டிருக்கும் காலத்தில் எந்த மாற்றமும் செய்யாதே; அதற்கு முன் தெளிவாயிருந்தபோது எடுத்த தீர்மானத்தில் நிலைத்திரு. துணையை இழந்த சில வாரங்களில் வீட்டை விற்பதும், மணமுறிவு முடிந்த கையோடு மறுமணம் பேசுவதும், வேலை போன வருத்தத்தில் முழுநேர ஊழியத்திற்குப் போகிறேன் என்று பொருத்தனை செய்வதும் இந்த விதிக்கு எதிரானவை. சில முடிவுகளைத் தள்ள முடியாது என்பது உண்மைதான். அவற்றில் ஜெபத்தோடு, உங்கள் முடிவால் எந்த ஆதாயமும் பெறாத இருவரின் கருத்தையும் கேளுங்கள்.

உங்கள் பாதுகாப்பைப் பொறுத்த முடிவு மட்டும் இதற்கு விதிவிலக்கு. வீட்டில் அடியும் மிரட்டலும் நடக்கிறதென்றால் பொறுத்துக்கொள்வதுதான் சிலுவை என்று எவர் சொன்னாலும் கேட்க வேண்டாம். உடனே பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுங்கள்.

மருத்துவ உதவி வேண்டியபோது

ஏறக்குறைய நாள் முழுவதும் மனம் சோர்ந்திருப்பது, எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் மாறிப்போவது ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு நோய்க்கு மருந்து உட்கொள்வது விசுவாசக் குறைவு என்றால், கண்ணாடி அணிவதும் விசுவாசக் குறைவாகிவிடும். சுவிசேஷம் எழுதிய லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்று பவுல் கொலோசெயர் நிருபத்தில் அழைக்கிறார். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். அருகிலிருப்பவரிடம் அப்போதே சொல்லுங்கள், உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணை அழையுங்கள், அந்த வேளையில் தனியாக இருக்காதீர்கள். சாகவேண்டும் என்று சொன்ன எலியாவை யாரும் கடிந்துகொள்ளவில்லை. உணவும் உறக்கமும், பின்பு எலிசா என்ற துணையும் அவருக்குக் கொடுக்கப்பட்டன.

நாட்கள் சென்ற பிறகு

மூன்று மாதம் கழித்து, குறிப்பேட்டில் எழுதி வந்த இரவுக் குறிப்புகளை முதலிலிருந்து ஒருமுறை வாசியுங்கள். முன்னேற்றம் நேர்கோட்டில் இராது. நன்றாயிருந்த ஒரு வாரத்தை அடுத்து மிக மோசமான நாள் வந்திருக்கும். எந்த நாட்களில் விழுந்தீர்கள் என்பது அதில் தெரியும்: சில வேளைகளில் அது நினைவு நாளாகவோ, பண்டிகையாகவோ, யாரும் பேசாத ஞாயிறு மாலையாகவோ இருக்கும். முதல் கிறிஸ்துமஸும் முதல் ஈஸ்டரும் பொதுவாகவே கடினமானவை; அவற்றை எங்கே, யாரோடு கழிப்பது என்று இரண்டு வாரம் முன்பே தீர்மானித்துவிடுங்கள். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் நாற்பது நாட்களும், பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் நடுவே எதுவும் நடவாத அந்தச் சனிக்கிழமையும், துக்கத்திலிருப்பவருக்குக் கொண்டாட்டங்களைவிட நெருக்கமாக இருப்பதைப் பலர் உணர்ந்திருக்கிறார்கள். சபையின் ஆண்டு ஒழுங்கில் துக்கத்திற்கும் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நாம் பெற்ற ஆறுதலினாலேயே உபத்திரவத்தில் இருக்கிற மற்றவர்களுக்கு ஆறுதல் செய்யத் திராணி பெறுகிறோம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில் கூறுகிறார். சொந்தக் காயம் ஆறுவதற்கு முன்பே சாட்சி சொல்ல மேடைக்கு அழைக்கப்பட்டால், மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஓராண்டளவு சென்று, அதே வகை மாற்றத்தை எதிர்கொள்ளும் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தால், அவர் வீட்டுக்குப் போய் அவர் சொல்வதைக் கேளுங்கள், இன்ன நாளில் மருத்துவமனைக்கு உடன் வருகிறேன் என்றோ, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறேன் என்றோ குறிப்பிட்டுச் சொல்லுங்கள். எந்தச் சங்கீதத்தை வாசிக்கலாம் என்று அவராகக் கேட்டால் மட்டும் 13ஐச் சொல்லுங்கள்.